முப்பத்தொரு விநாடிக் காலர்

எங்கள் பெரியம்மா சட்டைக் கம்பெனியில் காலர் வைப்பவள். இருபத்து மூன்று வருடமாகக் காலர் மட்டும்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சட்டையை முழுதாகத் தைத்ததே கிடையாது. "உங்களுக்குச் சட்டை தைக்கத் தெரியுமா?" என்று யாராவது கேட்டால், "கழுத்து வரைக்கும் தைச்சுக் கொண்டாந்தா, மேல நான் பாத்துக்குவேன்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் உள்ளதைத்தான் சொல்லியிருப்பாள்.

கம்பெனியில் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். கை வைப்பவள் கை அக்கா. பட்டன் வைப்பவள் பட்டன் அக்கா. பாக்கெட் வைக்கிறவரை மட்டும் அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும் என்பதால் வெறும் அண்ணன்.

நீளமான ஒரு கூடம். தகரக் கூரை, இரண்டு வரிசையில் நாற்பது மெஷின். ஒரு முனையில் வெட்டிய துணி உள்ளே வரும், மறுமுனையில் சட்டை அட்டைப்பெட்டிக்குள் போகும். கூலி பீஸ் கணக்கு. ஒரு பீஸுக்கு எவ்வளவு என்பதை வாட்ச் முடிவு செய்வார்.

வாட்ச் என்பது ஒரு மனிதர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை, காலில் சத்தம் வராத செருப்பு. அவர் பக்கத்தில் வந்து நின்று, ஒரு காலர் வைக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். அதை வைத்துக் கம்பெனி கூலியை நிர்ணயிக்கும். விநாடி குறைந்தால் பீஸுக்கான கூலி குறையும். வேகமாகத் தைத்தால் நிறையச் சம்பாதிக்கலாம் என்று ஆபீஸில் சொல்வார்கள். வேகமாகத் தைப்பதை வாட்ச் பார்க்காத வரைக்கும் அது உண்மைதான்.

அதனால் வாட்ச் வந்தால் மொத்த வரிசையும் மெதுவாகிவிடும். ஆபீஸ் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டன் அக்கா இரண்டு தடவை இருமுவாள். அதுதான் தகவல். மெதுவாகத் தைப்பது அப்படி ஒன்றும் சுலபமில்லை. சோம்பலாகத் தைத்தால் வாட்சுக்குத் தெரிந்துவிடும், அவரும் படித்தவர். பார்க்கிறவருக்கு வேர்க்கிற மாதிரி தைக்க வேண்டும், ஆனால் நேரம் போக வேண்டும். இதில் பெரியம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. காலர் முனையை நகத்தால் நீவி விடுவது, வெட்டுக் குறி சேர்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது, ஊசியைத் துணியால் ஒற்றுவது எல்லாம் அவள் கண்டுபிடித்துச் சேர்த்தவை. சாதாரண நாளில் முப்பத்தாறு விநாடியில் முடிகிற காலர், வாட்ச் நிற்கும்போது நாற்பத்தைந்து ஆகும். கம்பெனி நாற்பத்தைந்துக்குக் கூலி கொடுத்தது. நடுவில் இருந்த ஒன்பது விநாடியில் நாற்பது குடும்பம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பெரியப்பா தண்ணீர் கேன் வண்டி ஓட்டுபவர். உள்ளூர்த் தொழிலாளர் சங்கத்தின் எங்கள் தெருக் கிளைக்குச் செயலாளரும் அவர்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் விவாதம் ஆரம்பித்துவிட்டால் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. அந்த வருடம் முழுக்க ஒரே தலைப்பு: வெளியாட்கள் வருகிறார்கள், அதனால் உள்ளூர்க்காரர்களின் வேலையும் கூலியும் என்ன ஆகிறது. டிவிக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஆட்கள் வந்தால் தொழில் வளரும் என்பார். ஒருவர் கூலி விழும் என்பார். மூன்றாமவர் இதற்கு முதலில் புள்ளிவிவரம் வேண்டும் என்பார். பெரியப்பா நான்காவது ஆள். அவர் சொல்வதை அந்த மூன்று பேரும் கேட்டதே இல்லை. அவர்கள் சொல்வதை அவரும் கேட்டதில்லை.

"புள்ளிவிவரம் வேணுமாம். வாய்யா எங்க தெருவுக்கு, நான் தர்றேன் புள்ளிவிவரம்!"

அவர் சும்மா கத்துகிறார் என்று சொல்லிவிட முடியாது. அவர் வண்டியில் கேன் ஏற்றி இறக்க முன்பு இரண்டு உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். இப்போது வெளியூர் ஆட்கள் இரண்டு பேர். பழைய கூலியில் முக்கால்தான். முதலாளி அதற்குப் பிறகு நல்ல சிரித்த முகமாக இருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் சட்டைக் கம்பெனிக்கு ஆறு பெண்கள் வந்தார்கள். தொலைவிலிருந்து ஏஜென்ட் ஒருவன் அழைத்து வந்தவர்கள். கம்பெனிக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்துத் தங்கவைத்திருந்தார்கள். வரிசையில் இருந்தவர்கள் ஆறு பேருக்கும் சேர்த்துப் புதுசு என்று பெயர் வைத்தார்கள். பெரியம்மாவுக்குப் பக்கத்து மெஷினுக்கு வந்த புதுசு உயரமாக இருந்ததால் அவள் நெட்டை. பெரியம்மா வயதுதான் இருக்கும். நம் பேச்சு கொஞ்சம் தெரியும், தெரிந்ததை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்வாள்.

முதல் நாள் காலையிலேயே பெரியப்பா எச்சரித்து அனுப்பியிருந்தார்.

"அவங்க கை மிஷினு மாதிரி ஓடுமாம். ஆறே மாசம். உன் சீட்ட காலி பண்ணிட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க."

"என் சீட்டுல அப்படி என்ன இருக்கு? ஒரு கால் ஆடுது."

என்று சொல்லிவிட்டாளே தவிர, பயம் இருந்தது. நெட்டை காலையெல்லாம் துணியில் குறி போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு அப்புறம் மெஷினில் உட்காரச் சொன்னார்கள். பெரியம்மா கடைக்கண்ணால் பார்த்தபடி இருந்தாள். மிஷினு மாதிரி ஓடும் கை காலர் முனையை நகத்தால் நீவியது. வெட்டுக் குறியைத் திருப்பிப் பார்த்தது. ஊசியை ஒற்றியது. ஒரு காலருக்கு ஒரு நிமிடம் ஆனது.

எல்லாம் பெரியம்மாவின் சொந்தச் சரக்கு. அடுத்தவள் கையில் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இந்தக் கைக்கா இத்தனை நாள் டிவியில் கத்தினார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்சம் நிம்மதியும் வந்தது என்பதைப் பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டாள். இரண்டும் சேர்ந்து அவளை எழுப்பிவிட்டன.

"எந்திரிம்மா. இது காலர். கொழந்தையத் தூங்க வைக்கல நீ. இங்க பாரு."

நெட்டையின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்து காலர் தைத்தாள். பார்த்தவர்கள், மெஷின் நிற்கவே இல்லை என்கிறார்கள். நடுவில் நெட்டை அவள் தோளைத் தொட்டு, "போதும் அக்கா" என்றாள். அசந்துபோய்ச் சொல்கிறாள் என்று பெரியம்மா நினைத்தாள். அடுத்த ஐந்தை இன்னும் நன்றாகத் தைத்தாள். நெட்டை மறுபடியும் தோளைத் தொட்டு, "போதும் அக்கா, போதும்" என்றாள்.

"பாத்துக்கிட்டியா?" என்று எழுந்து திரும்பினாள் பெரியம்மா. அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பக்கத்தில் வாட்ச் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு ஆபீஸ் கதவு வழியாக வராமல் பேக்கிங் பக்கத்துப் படி வழியாக வந்திருந்தார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். காலர்: பார்த்த நேரம் முப்பத்தொன்று, இளைப்பாற இரண்டு, மொத்தம் முப்பத்து மூன்று விநாடி. காலருக்குள் பன்னிரண்டு விநாடி ஒளிந்திருந்தால் கைக்குள்ளும் பட்டனுக்குள்ளும்கூட ஒளிந்திருக்கும் என்று மேனேஜர் யோசித்திருந்தார். வரிசை முழுவதற்கும் கால் பங்கு கூலி குறைந்தது.

போர்டைச் சுற்றிக் கூட்டம். கை அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"புதுசுங்க வந்து இன்னிக்கோட மூணு நாளு. பாத்தீங்களாடி? யாரோ தொரத்துற மாதிரி ஓட்டித் தள்ளியிருக்காளுங்க."

அந்த ஆறு பேர் ஓட்டித் தள்ளியதை யாரும் பார்க்கவில்லை. இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பெரியம்மா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டில் பெரியப்பா, "நான் சொன்னேனா இல்லியா?" என்று மூன்று தடவை கேட்டார். கூலி குறைந்த வீட்டில் அன்றைக்கு அவர் மட்டும் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். அடுத்த நாளே சங்கத்திலிருந்து மேனேஜருக்குக் கடிதம் போனது: ஆறு பேரையும் அனுப்ப வேண்டும். மேனேஜர் நல்லபடியாகப் பேசினார். ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டால் போதும், இவர்களை அழைத்துக்கொண்டு போய்விடுவான், பிற்பாடு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கூலியைப் பற்றி மெதுவாகப் பேசுவோம் என்றார். இன்னொன்றும் சொன்னார். வெளியாட்கள் வருகையும் உள்ளூர்க் கூலியும் என்ற விஷயமாக அரசாங்கம் ஒரு குழு போட்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் மக்கள் கருத்தைக் கேட்கப்போகிறார்கள், அங்கே ஊர் என்ன சொல்கிறதோ அதைப் பார்த்துத் திங்கட்கிழமை செய்துவிடலாம்.

பெரியப்பா குழுவிடம் பெரியம்மாவின் பேரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"நீதான் பாதிக்கப்பட்டவ. நீ பேசினாத்தான் எடுபடும்."

அந்த வாரம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பெரியம்மா பின்பக்கக் குழாய்க்கு டப்பா கழுவப் போனாள். புதுசுகளோடு யாரும் உட்காருவதில்லை. அவர்கள் குழாயடியில்தான் சாப்பிடுவார்கள். மற்ற ஐந்து பேரும் எழுந்து போன பிறகு நெட்டை மட்டும் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியம்மா கழுவின டப்பாவை மறுபடியும் கழுவினாள்.

"அன்னிக்கு வாட்ச் நின்னத நீ பாத்தியா?"

"பாத்தேன் அக்கா."

"எப்போ?"

"மொதல்ல இருந்து."

"சொல்ல வேண்டியதுதானே?"

"தோள் தொட்டேன். போதும் சொன்னேன். ரெண்டு தடவை."

பெரியம்மா குழாயை மூடினாள்.

"அப்போ நீ அவ்வளவு மெதுவாத் தைச்சது?"

"வாட்ச் நிக்கிறாரு. மெதுவாத்தானே தைக்கணும்?" நெட்டைக்கு அப்போதுதான் சந்தேகம் வந்த மாதிரி இருந்தது. "இங்க வேற மாதிரியா?"

"இல்ல. இங்கயும் அப்படித்தான்."

"எங்க பழைய எடத்துல கத்திரிக்கோல் கீழ போடுவோம். வாட்ச் வந்தா."

"இங்க இருமுவோம்."

"அது எனக்குத் தெரியாது."

பெரியம்மாவுக்குக் கூலி போனதைவிட இது அதிகமாக வலித்தது. நன்றாகத் தைக்கத் தெரிந்த ஒருத்திக்கு உட்கார்ந்து பாடம் எடுத்திருக்கிறாள்.

"நெசமா உனக்கு எவ்வளவு ஆகும்?"

"முப்பத்தி ரெண்டு."

"எனக்கு முப்பத்தொண்ணு."

"தெரியும் அக்கா. போர்டுல ஒட்டியிருக்கு."

பெரியம்மா டப்பாவைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உங்க மேலயும் கோவம் வரும். எங்க மேல இருக்கிறது அப்படியேதான் இருக்கும்."

"போகச் சொன்னா?"

"ஏஜென்ட் வேற எடம் பாப்பான்." டப்பாவைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினாள். "பொண்ணு இங்க ஸ்கூல் சேந்துட்டா. போன எடத்துல சேக்க மூணு மாசம் ஆச்சு. இங்கதான் ரெண்டே நாள்ல சேத்தாங்க. அதான்."

"யூனிஃபார்ம் வாங்கியாச்சா?"

"நானே தைச்சேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தான் அக்கா."

பெரியம்மா டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேடையில் குழுத் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. பக்கத்தில் பொருளாதாரம் படித்த ஒரு அம்மா. ஓரத்தில் குறிப்பு எடுக்கும் கிளார்க். வாசலில் சீட்டுக் கொடுத்தார்கள். வெளியாட்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பவர்களுக்குப் பச்சைச் சீட்டு, வேண்டாம் என்பவர்களுக்கு மஞ்சள். ஆளுக்கு மூன்று நிமிடம், முடிந்தால் மணி அடிப்பார்கள். பெரியப்பா இரண்டு பச்சை வாங்கினார். மேனேஜர் மஞ்சள் வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதுசுகளுக்கு யாரும் சொல்லவில்லை, அவர்கள் வரவில்லை.

பேச வேண்டியதைப் பெரியப்பா இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

"ரெண்டாவது பக்கத்துல ஒரு எடத்துல தொண்டை அடைக்கணும். கீழ கோடு போட்டிருக்கேன் பாரு."

பெரியம்மாவுக்கு முன்னால் முப்பத்தேழு பேர் பேசினார்கள். பெரும்பாலும் டிவியில் வந்ததுதான். அவள் முறை வந்தபோது மைக்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டார்கள். முதல் வரியைப் படித்தாள். அப்புறம் தாளை மடித்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். முழு உண்மையைச் சொன்னால் நாற்பது பேரின் ஒன்பது விநாடி வெளியே வந்துவிடும், மேனேஜர் முன்வரிசையில் இருக்கிறார். எதுவரை சொல்வது என்பதுதான் அவளுக்கு இருந்த கஷ்டம். காலரில் மடிப்பு விடுவது போல எங்கே நிறுத்த வேண்டும் என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தாள்.

"எங்க வரிசைல கூலி கொறைஞ்சது என் கையால" என்றாள். "புதுசா வந்த அம்மாவுக்குக் காட்டறேன்னு பத்து காலர் வேகமாத் தைச்சேன். வேணும்னே வேகமாத் தைச்சேன். பெருமைக்கு. அதைப் பாத்து எழுதிட்டாங்க. போர்டுல இருக்கிற முப்பத்தொண்ணு என்னோடது. அவங்களோடது இல்ல."

கூடத்தில் சத்தம் எழுந்தது. பின்னாலிருந்து கை அக்காவின் குரல் தனியாகக் கேட்டது.

"அக்கா! உனக்கு என்ன குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல. கூலில எடுத்ததுதான்."

கிளார்க் கையைத் தூக்கினார். "அம்மா, உங்க சீட்டு பச்சை."

"ஆமாங்க."

"பச்சைன்னா ஆதரிச்சுப் பேசணும்."

"எதைங்க?"

"கட்டுப்படுத்துறதை."

"நான் காலரப் பத்திப் பேச வந்தேங்க."

கிளார்க் தலைவரைப் பார்த்தார். தலைவர், "மஞ்சள்ல போட்டுக்கோங்க" என்றார்.

பொருளாதாரம் படித்த அம்மா முன்னால் சாய்ந்து கேட்டார். "அப்போ வெளியாட்கள் வந்தாக் கூலி கொறையாதுன்னு சொல்றீங்களா?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? எங்க வீட்டுக்காரர் வண்டில கொறைஞ்சிருக்கு. அவர் சொல்றது பொய் கிடையாது. எங்க வரிசைல கொறைஞ்சது அப்படி இல்ல."

"இப்போ பச்சையா மஞ்சளா?" என்று கிளார்க் கேட்டார். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

மேனேஜர் எழுந்தார். "ஐயா, ஒரு விஷயம். முப்பத்தோரு விநாடில முடியும்னு இவங்களே ஒத்துக்கிட்டாங்க. அப்போ கூலி சரியாத்தானே இருக்கு?"

"முடியும் சார்" என்றாள் பெரியம்மா. "பஸ்ஸப் பிடிக்க நீங்களும் ஓடுவீங்க. அதுக்காகச் சாயங்காலம் வரைக்கும் ஓடுவீங்களா? பத்து காலர் பாத்து எழுதினீங்க. ஒரு நாள் பூரா உக்காந்து பாத்து எழுதுங்க."

மணி அடித்தது. தலைவர் கிளார்க்கிடம், "மறுபடி நேரம் பாக்கணும்னு எழுதிக்கோங்க" என்றார். அன்று பேசிய அறுபத்திரண்டு பேரில், செய்துவிடக்கூடிய ஒன்றைக் கேட்டது அவள் மட்டும்தான் என்பதால் தலைவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மேனேஜரையே கேட்டுவிட்டார். அத்தனை பேர் முன்னால் மேனேஜர் சரி என்றார். ஒரு நிபந்தனை வைத்தார்: இந்த அம்மாவையும் அந்தப் புதிய அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து நாள் முழுக்கப் பார்ப்போம், கணக்கு வரும் வரைக்கும் யாரையும் அனுப்பவில்லை. அந்த நாளில் முப்பத்தொன்று வந்தால் தாள் போர்டிலேயே இருக்கும், புதுசுகளைப் பற்றியும் அப்போது முடிவு செய்யப்படும்.

பெரியப்பா எழுந்து வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். தண்ணீர் வண்டி ஓட்டுகிற மனிதர் அவ்வளவு நேரம் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெருவுல தலை காட்ட முடியாம பண்ணிட்ட."

"நீங்க எழுதிக் குடுத்ததப் படிக்கத்தானே செஞ்சேன்."

"எதப் படிச்ச? மொத வரி மட்டும் படிச்ச. மொத வரி 'அனைவருக்கும் வணக்கம்'."

"அதுல ஒரு எழுத்து மாத்தலியே."

சங்கத்தில் செயலாளர் பதவி அடுத்த தெருக்காரருக்குப் போனது. இவரை ஆலோசகர் ஆக்கினார்கள். ஆலோசனை எதுவும் கேட்கவில்லை.

கம்பெனியில் யாரும் பெரியம்மாவோடு சேர்ந்து சாப்பிடவில்லை. ஒரு வாரம் அவளும் குழாயடியில் சாப்பிட்டாள். அப்புறம் மறு கணக்கு எடுக்கும் நாள் நெருங்க நெருங்க, கூலி திரும்பி வரக்கூடும் என்பது எல்லோருக்கும் உறைத்தது. ஒவ்வொருத்தியாக வந்து பேச ஆரம்பித்தார்கள்.

"அக்கா, கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள் பட்டன் அக்கா. "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் உன் பெருமைய வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வா."

அந்த நாளில் வாட்ச் ஒரு நாற்காலி போட்டு இரண்டு மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் தெரிந்தே வந்தார். இருந்தாலும் பட்டன் அக்கா பழக்கத்தில் இரண்டு தடவை இருமினாள்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. பெரியம்மா நாற்பத்து நாலில் நிறுத்தி வைத்திருந்தாள். கடைக்கண்ணால் பார்த்தாள். நெட்டை நாற்பத்தாறு. அவளைவிட இரண்டு விநாடி மெதுவாக, அவளைவிட அதிகமாக வேர்த்தபடி.

இதைப் பெரியம்மாவால் தாங்க முடியவில்லை. மெதுவாகத் தைப்பது அவள் வித்தை. நாற்பத்தேழுக்குப் போனாள். நெட்டை என்ன நினைத்தாளோ, நாற்பத்தெட்டுக்கு வந்தாள். பெரியம்மா இரண்டு முனையையும் நீவினாள். சாப்பாட்டு மணிக்கு முன்னால் பெரியம்மா ஐம்பத்து மூன்றில் இருந்தாள். வாட்ச் புருவத்தைத் தூக்கி, அட்டையில் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வரிசை முழுக்க மெஷின் சத்தம் குறைந்துவிட்டது. எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். இன்னும் இரண்டு விநாடி கூடினால் இது நடிப்பு என்று வாட்ச் எழுதிவிடுவார், அதோடு எல்லாம் போயிற்று.

"அக்கா, வெள்ளை நூல் இருக்கா?" என்றாள் நெட்டை. அவள் மெஷினில் நூல் நிறைய இருந்தது.

பெரியம்மா நூல்கண்டை எடுத்து நீட்டினாள். நெட்டை அதை வாங்கும்போது மணிக்கட்டை ஒரு தடவை இறுக்கிப் பிடித்து விட்டாள். வலித்தது என்று பெரியம்மா சொல்கிறாள். இந்த முறை பாராட்டு என்று நினைக்கவில்லை. அடுத்த காலர் நாற்பத்தைந்து. நெட்டையும் நாற்பத்தைந்து.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மூன்றரை மணிக்குத் தகரக் கூரை நன்றாகக் காய்ந்துவிட்டது. நாலு மணிக்குப் பெரியம்மா ஒன்றைக் கவனித்தாள். அவள் நீவவில்லை, திருப்பிப் பார்க்கவில்லை, ஊசியை ஒற்றவில்லை. சும்மா தைத்தாள். அப்படியும் நாற்பத்தைந்து ஆனது. தோள் இறங்கிவிட்டது, கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது, கண் குறியைத் தேடியது. இத்தனை வருடம் நடித்த விநாடி சாயங்காலத்தில் தானாகவே வந்துகொண்டிருந்திருக்கிறது. அவளும் அதை எண்ணிப் பார்த்ததில்லை.

நாலரை மணிக்கு வாட்ச் இரண்டு காலருக்குப் பொத்தானை அழுத்த மறந்துவிட்டார். அவரும் காலையிலிருந்து அதே நாற்காலியில்தான் இருந்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். அந்தக் கூடத்தில் அவர் குரலைப் பாதிப்பேர் அன்றுதான் கேட்டார்கள். கை அக்கா தன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் போர்டில் புதுத் தாள். காலர், நாற்பத்து மூன்று விநாடி. வாட்ச் எழுதிக் கொடுத்ததில் மேனேஜர் கொஞ்சம் கழித்துப் போட்டிருந்தார். மற்றவற்றுக்கும் அந்தக் கணக்கிலேயே ஏற்றினார்கள். ஆறு பேரையும் அனுப்புவது பற்றித் தாளில் எதுவும் இல்லை, மேனேஜரும் பேச்சை எடுக்கவில்லை. நெட்டையின் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள். குழுவின் அறிக்கை நாலு மாதம் கழித்து வந்தது. கருத்துகள் பலவிதமாக இருந்தன என்று அதில் எழுதியிருந்தது. டிவியில் அன்றைக்கு அதைப் பற்றி விவாதம் வைத்தார்கள். மூன்று பேர் பேசினார்கள், பெரியப்பாவும் பேசினார்.

பழைய நாற்பத்தைந்துக்கும் புது நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் இரண்டு விநாடி வரவே இல்லை. அதை வரிசை மறக்கவில்லை.

"அந்த ரெண்டு விநாடி உன் பேருலதான் இருக்கு" என்று பட்டன் அக்கா சொல்லிக்காட்டுவாள்.

கை அக்கா அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "காலர் அக்காவச் சொல்லி என்ன ஆகப்போகுது? புதுசுங்க வராம இருந்திருந்தா அக்கா யாருக்குக் காட்டியிருக்கும்? எல்லாம் அவளுங்களாலதான்." சொல்லிக்கொண்டே நெட்டையின் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாள். சாப்பாடு பிடித்திருக்கிறது, கருத்தும் மாறவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதிலும் தப்பு இல்லை. பெரியம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன்.

"ஆமா, அவ வராம இருந்திருந்தாக் காட்டியிருக்க மாட்டேன்" என்றாள். "நான் பொறக்காம இருந்திருந்தாலும் காட்டியிருக்க மாட்டேன். போய் அந்தக் கத்திரிக்கோல எடுத்துட்டு வா. முழுச் சட்டை ஒண்ணு வெட்டியிருக்கேன். கைதான் எப்படி வைக்கிறதுன்னு தெரியல."